பழைய ஐ5-6500டி மினி பிசியா, புது என்100 பெட்டியா? கடைக்கு ஒண்ணு, வீட்டுல 24 மணி நேரம் ஓட ஒண்ணு வேணும்

சாரல்மழை எழுதியது:

வணக்கம் மக்களே. தென்காசி பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் சேவையும் சேர்ந்த ஒரு சின்ன கடை வச்சிருக்கேன். கடையில இப்ப ஓடுறது செலரான் ஜே1900 போட்ட மினி பிசி, 4 ஜிபி ரேம், 2015ல வாங்குனது. 10 வாட் ப்ராசசர், கரண்ட் போனாலும் சின்ன யுபிஎஸ்லயே நிக்கும்னு சொல்லி குடுத்தாங்க, அது உண்மைதான், நின்னுச்சு. ஆனா இப்ப குரோம்ல நாலு டேப் திறந்து ஒரு அப்ளிகேஷன் ஃபில் பண்ணி, போட்டோவ சைஸ் குறைச்சு அப்லோட் பண்றதுக்குள்ள கடை வாசல்ல ஆளு நிறைஞ்சிருது. காலேஜ் அட்மிஷன் சமயத்துல ரொம்ப கஷ்டம்.

ரெண்டு பெட்டி வாங்கணும். ஒண்ணு கடைக்கு: பிரவுசர், பிடிஎஃப், போட்டோ பிரிண்ட், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யுஎஸ்பி), கைரேகை மிஷின், கொஞ்சம் டேலி. இன்னொண்ணு வீட்டுல எப்பவும் ஆன்லயே இருக்க: குடும்ப போட்டோ பேக்கப், நாலு கேமரா ரெக்கார்டிங், ராத்திரி டிவில படம் பாக்க.

கேட்டு வச்சிருக்கறது மூணு. செகண்ட்ஸ்ல லெனோவோ டைனி, ஐ5-6500டி, 8 ஜிபி. அதே கடையில கொஞ்சம் கூட விலைக்கு ஐ5-8500டி. அப்புறம் ஆன்லைன்ல புது என்100 மினி பிசி, 16 ஜிபி. முதலாவதுக்கும் மூணாவதுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்ல.

என் குழப்பம் என்னன்னா, 6500டி 35 வாட், என்100 வெறும் 6 வாட்னு போட்டிருக்கு. அப்ப கரண்ட் பில்லு ஆறு மடங்கு வித்தியாசம் வருமா? இன்னொண்ணு, என்100ம் அந்த பழைய ஆட்டம், செலரான் பரம்பரைதானேன்னு ஃப்ரெண்டு சொல்றான், மறுபடி பத்து வருஷம் அதே ஆமை வேகத்துல மாட்டிக்க பயமா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

---

வாட்மீட்டர் எழுதியது:

தம்பி, முதல்ல அந்த 35ஐயும் 6ஐயும் கரண்ட் பில் கணக்குல இருந்து எடுத்துடுங்க. பெட்டி விவரத்துல போட்டிருக்கற அந்த வாட் நம்பருக்கு டிடிபின்னு பேரு, அந்த சிப்பு முழு மூச்சுல தொடர்ந்து வேலை செய்யும்போது எவ்வளவு சூட்ட வெளிய தள்ளணும்னு ஹீட்சிங்க் டிசைன் பண்றவனுக்கு சொல்ற நம்பர். சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

6500டிய எடுத்துக்குங்க. டி இல்லாத 6500ன்னு ஒண்ணு இருக்கு, 65 வாட், 3.2ல ஆரம்பிச்சு 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். டி போட்டது 2.5ல ஆரம்பிச்சு 3.1ல நின்னுடும், 35 வாட். ரெண்டுமே அதே நாலு கோர் ஸ்கைலேக் (இன்டெல் 6வது தலைமுறை), 2015 கடைசிப் பாதில வந்தது, ஒண்ணோட வேகத்துக்கு கடிவாளம் போட்டு வித்திருக்காங்க அவ்வளவுதான். பிரவுசர்ல நீங்க ஒரு பக்கத்த படிச்சுட்டு இருக்கும்போது ரெண்டும் தூங்கிட்டுதான் இருக்கும், இழுக்கற கரண்ட் ஏறக்குறைய ஒண்ணுதான்.

என்100க்கு திருப்பி பாருங்க. இன்டெல் சொல்றது 6 வாட். ஆனா மினி பிசி செய்யறவங்க நிறைய பேர் பயாஸ்ல (பெட்டி ஆன் ஆகும்போது உள்ள போய் பாக்கற செட்டிங்) அந்த லிமிட்ட 15, 20, 25 வாட்டுன்னு ஏத்தி விட்டுதான் அனுப்பறாங்க, அப்பதான் நாலு கோரும் 3.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்கும். அதனால முழு லோடுல 6 வாட்ட எதிர்பாக்காதீங்க.

என்கிட்ட ரெண்டு ரகமும் இருக்கு, சுவத்து ப்ளக்குல மீட்டர் போட்டு பாத்ததுல சும்மா இருக்கும்போது 6500டி டைனி சுமார் 10 வாட், என்100 பெட்டி சுமார் 7 வாட். போர்டு, எஸ்எஸ்டி, அடாப்டர பொறுத்து ரெண்டு மூணு வாட் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போகும். முழு லோடுல மட்டும்தான் நல்ல வித்தியாசம், டைனி 45 பக்கம் போகும், என்100 இருபத்தி சொச்சத்துல நிக்கும்.

இப்ப கணக்கு. ஒரு வாட் வருஷம் பூரா நிக்காம ஓடுனா 8.76 யூனிட். வித்தியாசம் 5 வாட்டுன்னே தாராளமா வச்சாலும் வருஷத்துக்கு 44 யூனிட்டு கூட முழுசா வராது, யூனிட்டுக்கு ரவுண்டா பத்து ரூபா போட்டா 440 ரூபா. அதுவும் 24 மணி நேரம் ஓடுற வீட்டுப் பெட்டிக்குதான். கடையில தினம் பத்து மணி நேரம் ஓடுறதுக்கு மாசம் ஒன்றரை யூனிட், பதினஞ்சு ரூபா. உங்க கடையில 22 இஞ்ச் மானிட்டர் மட்டும் 20 வாட் இழுக்கும், லேசர் பிரிண்டர் சூடேறும்போது நூத்துக்கணக்குல இழுக்கும். அங்க ப்ராசசர் வாட்ட வச்சு முடிவு பண்ணவே கூடாது. வேலைக்கு எது சரி வரும்னு மட்டும் பாருங்க.

---

கொங்கு_சர்வர் எழுதியது:

வாட்மீட்டர் அண்ணன் சொன்னதுக்கு மேல கரண்ட் பத்தி சொல்ல ஒண்ணுமில்லீங்க. நான் அந்த "ஆட்டம் பரம்பரை" விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்த பயத்துலயே நிறைய பேரு நல்ல சாமான விட்டுர்றாங்க.

பரம்பரை அதேதான், அதுல பொய்யில்லீங்க. ஆனா வம்சத்துல நடுவுல என்னென்ன நடந்துச்சுன்னு பாக்கோணும். 2008ல ஆட்டம் 230ன்னு ஒண்ணு வந்துச்சு, ஒத்தை கோர், 1.6 கிகாஹெர்ட்ஸ், 4 வாட். அது கூட இன்டெல் குடுத்த போர்டுல 945ஜிசின்னு ஒரு பழைய சிப்செட் (ப்ராசசர மத்த பாகத்தோட இணைக்கற சிப்பு), அது மட்டும் 22 வாட். அந்த போர்டுல ஃபேன் இருந்தது சிப்செட் மேலதான், ப்ராசசர் மேல வெறும் ஹீட்சிங்க்! பெட்டி மேல 4 வாட்டுன்னு எழுதி வித்தாங்க. அப்ப இருந்தே இந்த வாட் நம்பர் விளையாட்டு இருக்குதுங்க.

அந்த காலத்து ஆட்டம் எல்லாம் கட்டளைய வர்ற வரிசையிலயே ஒவ்வொண்ணா முடிக்கும், ஒண்ணு மெமரிக்காக காத்து நின்னா பின்னாடி இருக்கறது எல்லாம் நிக்கோணும். அதனாலதான் அப்படி இழுத்துச்சு. 2013ல சில்வர்மான்ட்டுங்கற டிசைன் வந்தப்பதான் வரிசைய மாத்தி முடிக்கற வேலை இந்த குடும்பத்துக்கு வந்துச்சு, உங்க ஜே1900 அந்த தலைமுறை. ஆனா அதுல ஏஇஎஸ்ங்கற என்கிரிப்ஷனுக்கான தனி கட்டளை கிடையாதுங்க, அதாவது எச்டிடிபிஎஸ்ல வர்ற ஒவ்வொரு பக்கத்தோட பூட்ட திறக்கறதும் சாதா கணக்கா போட்டுத்தான் ஆகோணும். வீடியோவுல எச்.264 மாதிரி பழைய ஃபார்மட்டுக்குத்தான் தனி ஹார்டுவேர், யூட்யூப் குடுக்கற விபி9க்கு இல்ல, அதையும் கோர் தலையிலதான் கட்டும். ரேம் 8 ஜிபிக்கு மேல எடுக்காது. நீங்க 4 ஜிபில ஓட்டிட்டு இருக்கீங்க. இவ்வளவு நாள் அது தாங்குனதே பெருசு.

அதுக்கப்புறம் 2017 கடைசில ஜே4105, 2019 கடைசில ஜே4125, 2021ல என்5105ன்னு ஒவ்வொரு படியா ஏறி, அந்த சின்ன கோர் வம்சம் கிரேஸ்மான்ட்டுங்கற டிசைன்ல வந்து நின்னுச்சு. 2021 ஆகஸ்ட்ல இன்டெல்லே மேடை போட்டு சொன்னது, ஒரு கிரேஸ்மான்ட் கோர ஒரு ஸ்கைலேக் கோரோட வச்சு பாத்தா அதே கரண்டுக்கு 40 சதவீதம் கூட வேகம், இல்லேன்னா அதே வேகத்துக்கு 40 சதவீதத்துக்கும் குறைவான கரண்ட்டுன்னு. கம்பெனிக்காரன் சொல்றதுதான், கொஞ்சம் தள்ளிதான் எடுத்துக்கோணும். ஆனா ஸ்கைலேக்குங்கறது நீங்க கேக்கற அந்த 6500டியேதான் பாருங்க. 2023 ஆரம்பத்துல வந்த என்100ல இருக்கறது அந்த கிரேஸ்மான்ட் நாலு கோர். நான் ரெண்டையும் ஓட்டிப் பாத்த வரைக்கும் சாதா வேலைல ரெண்டும் தோளோட தோள் நிக்குதுங்க, சிலதுல என்100 ஒரு அடி முன்னாடி. ஜே4125ல இருந்து வந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சுறுசுறுப்பு. செலராங்கற பேரையே இன்டெல் 2023ல லேப்டாப்பு, மினி பிசி பக்கம் எடுத்துட்டு வெறும் "ப்ராசசர்"னு போட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால பேர பாத்து பயப்பட வேண்டாங்க.

---

பழைய_பெட்டி எழுதியது:

நான் செகண்ட்ஸ் மினி பிசி சர்வீஸ் பண்றவன், கடைப் பெட்டிய பத்தி மட்டும் சொல்றேன்.

உங்க வேலைல டிஎஸ்சி டோக்கனும் கைரேகை மிஷினும் இருக்கு. இது ரெண்டுக்கும் டிரைவர் விண்டோஸ்லதான் ஒழுங்கா வரும். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல 8வது தலைமுறைல இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு. 6500டி 6வது தலைமுறை. குறுக்கு வழியில 11 போட்டு குடுக்கற கடைக்காரங்க இருக்காங்க, ஓடவும் செய்யும், ஆனா அடுத்த பெரிய அப்டேட் வரும்போது அது ஏறுமா ஏறாதாங்கறதுக்கு யாரும் பொறுப்பு இல்ல. பொது ஜனங்களோட ஆதார், சர்டிஃபிகேட், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் பண்ற மிஷின் சார் அது, செக்யூரிட்டி அப்டேட் நின்னு போன ஒண்ண அந்த இடத்துல வைக்கறது சரியே இல்ல. வர்றவங்க நம்பி குடுக்கறாங்க.

அதனால கடைக்கு 6500டி வேண்டாம். 8500டி எடுங்க. 2018ல வந்தது, ஆறு கோர், 2.1ல இருந்து 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அதே 35 வாட். 6500டிய விட ரெண்டு கோர் கூட, டர்போவும் கூட. போட்டோ எடிட் பண்ணிக்கிட்டே பின்னாடி பிரிண்ட் ஸ்பூல் ஆகிட்டு, நாலஞ்சு டேப் ஓப்பன்ல இருக்கும்போது அந்த ரெண்டு கோர் நல்லா கைகுடுக்கும். என்100ம் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இருக்கு, மோசம் இல்ல, ஆனா தினம் பத்து மணி நேரம் ஆளுங்க காத்திருக்கற கடைக்கு நான் 8500டியதான் வைப்பேன்.

இன்னொண்ணு, டைனி மாதிரி ஆபீஸ் மிஷின்கள கம்பெனிங்க மூணு நாலு வருஷ லீசுக்கு எடுத்து மொத்தமா கழிச்சு விடறது. ஒரே மாடல் ஆயிரக்கணக்குல இருக்கறதால அடாப்டர், ஃபேன், வைஃபை கார்டு எல்லாம் உதிரியா கிடைக்கும். புது மினி பிசி சிலதுல போர்டு போனா தூக்கி போட வேண்டியதுதான், அதே போர்டு மறுபடி கிடைக்காது.

வாங்கும்போது பாக்க வேண்டியது: அடாப்டர் ஒரிஜினலா, 65 வாட் இருக்கான்னு பாருங்க, டூப்ளிகேட் அடாப்டர் போட்டா சில மாடல்ல ப்ராசசர் வேகத்தையே அது குறைச்சிரும், ஆளுங்க மிஷின் ஸ்லோன்னு சொல்லிட்டு கொண்டு வருவாங்க. எஸ்எஸ்டி ஹெல்த் எத்தனை சதவீதம்னு சாஃப்ட்வேர் போட்டு உங்க கண்ணு முன்னாடி காட்ட சொல்லுங்க. பயாஸ் பாஸ்வேர்டு இல்லன்னு உறுதி பண்ணிக்குங்க, பழைய கம்பெனி போட்டு பூட்டி வச்சிருந்தா தலைவலி. சிமாஸ் பேட்டரி (பயாஸ் செட்டிங்க ஞாபகம் வச்சுக்கற சின்ன பட்டன் பேட்டரி) மாத்திருங்க, தெர்மல் பேஸ்ட்டும் புதுசா போட்ருங்க, ஏழெட்டு வருஷத்துல அது காஞ்சு மண்ணா இருக்கும், நம்ம ஊரு வெயிலுக்கு அத சும்மா விடக்கூடாது.

---

சாரல்மழை எழுதியது:

ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். கடைக்கு 8500டின்னு முடிவு பண்ணிட்டேன், ஆதார் விஷயம் நீங்க சொன்னது மனசுல பட்டுச்சு.

வீட்டுப் பெட்டிக்கு இன்னும் குழப்பம். கேமரா நாலும் எச்.265, ராத்திரி பகல் ரெக்கார்டிங். படம் பாக்கறது பழைய டிவிங்கறதால 4கே ஃபைல அப்படியே அது எடுக்காது, பெட்டியிலதான் மாத்தி குடுக்கணும்னு சொல்றாங்க. லினக்ஸ் போட ரெடி, தம்பி ஒருத்தன் போட்டு தர்றேன்னு இருக்கான். எங்க தெருவுல சாயங்காலம் அடிக்கடி கரண்ட் போகும், அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

---

கொங்கு_சர்வர் எழுதியது:

வீட்டுப் பெட்டிக்கு என்100ங்க, சந்தேகமே வேண்டாம். காரணம் வேகம் இல்லீங்க, வீடியோ.

இந்த சிப்புல கோர் ஒரு பக்கம் இருக்க, வீடியோவ பிரிக்கவும் சுருக்கவும் தனியா ஒரு சின்ன பகுதி இருக்கும். தலைமுறைக்கு தலைமுறை மாறுறது அதுதான், ஸ்பெக் ஷீட்டுல யாரும் அத படிக்கறதில்ல. 6500டில எச்.264 இருக்கு, எச்.265 8 பிட் (நிறத்த எத்தனை பிட்டுல குறிக்குதுங்கறது) இருக்கு. ஆனா 10 பிட் எச்.265 முழுசா ஹார்டுவேர்ல கிடையாது, அது 7வது தலைமுறைலதான் ஒழுங்கா வந்துச்சு. கேமரா எல்லாம் 8 பிட்டுதான் குடுக்கும், அதனால ரெக்கார்டிங்குக்கு 6500டி போதும். ஆனா இப்ப வர்ற 4கே எச்டிஆர் படம் எல்லாம் 10 பிட்டுங்க. பழைய டிவிக்கு அத இறக்கி குடுக்கோணும்னா 6500டி கோர் நாலையும் போட்டு பிழிஞ்சாத்தான் ஆகும், ஃபேன் கத்தும், அப்பவும் திக்கும். என்100ல அது சத்தமில்லாம நடக்கும். ஏவி1ங்கற புது வீடியோ ஃபார்மட்டுக்கு டீகோடும் இருக்கு, யூட்யூப் இப்ப அதத்தான் நிறைய அனுப்புது. என்5105லயே ஏவி1 கிடையாது பாருங்க, ரெண்டு வருஷ வித்தியாசம்தான்.

கேமராவுல ஆள், வண்டி எல்லாம் கண்டுபிடிச்சு அலர்ட் வரோணும்னா ஃப்ரிகேட்டுங்கற சாஃப்ட்வேர் போடுங்க, அது இன்டெல்லோட ஓபன்வினோங்கற ஏஐ டூல் வழியா கிராஃபிக்ஸ் பகுதிய வச்சே வேலைய முடிச்சுக்கும். 6வது தலைமுறைல இருந்தே ஓடும், என்100லயும் நாலு கேமரா தாராளமா ஓடுது.

கரண்ட் போற விஷயத்துக்கு ஒண்ணு சொல்றேன், இது என்100 பக்கம் ரொம்ப பெரிய வசதி. அந்த பெட்டிங்க நிறையது 12 வோல்ட் அடாப்டர்ல ஓடும். டைனிக்கு 20 வோல்ட். ரவுட்டருக்கு போடற 12 வோல்ட் டிசி யுபிஎஸ் இருக்குதல்ல, அதுல கொஞ்சம் பெருசா, 3 ஆம்பியர் தாங்கற மாதிரி வாங்கி நேரடியா பெட்டிக்கு குடுத்துரலாம். சாதா யுபிஎஸ்ல பேட்டரி 12 வோல்ட் டிசிய 230 வோல்ட் ஏசியா ஏத்தி, அடாப்டர் அத மறுபடி இறக்கி டிசி ஆக்குது, ரெண்டு தடவையும் சூடா வீணாப் போறது பேட்டரியோட ரத்தம்தான். சின்ன லோடுக்கு இந்த நஷ்டம் ரொம்ப கண்ணுக்கு தெரியும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரில பேப்பர்ல இருக்கறது 84 வாட்-அவர்தானுங்க, அதுல ஒரு பங்க இன்வெர்ட்டருக்கு குடுக்காம இருந்தாலே லாபம். வாங்கும்போது பெட்டியோட அடாப்டர் 12 வோல்ட்தானான்னு மட்டும் பாத்துக்குங்க, சிலது 19 வோல்ட்ல வருது.

---

ரேம்ஸ்லாட் எழுதியது:

எல்லாரும் என்100க்கு கொடி புடிக்கறீங்க, மறுபக்கத்தையும் ஒருத்தர் சொல்லணும்ல.

என்100ல மெமரி சேனல் (ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல இருக்கற பாதை) ஒண்ணே ஒண்ணு. பெரும்பாலான பெட்டில ரேம் ஸ்லாட்டும் ஒண்ணு, சிலதுல ரேம் போர்டுலயே ஒட்டி வந்துருது, பின்னாடி ஏத்தவே முடியாது. இன்டெல் கணக்குப்படி 16 ஜிபிதான் உச்சம், 32 போட்டு ஓட்டறவங்க இருக்காங்க, ஆனா அது உத்தரவாதம் இல்லாத சமாச்சாரம். 6500டி, 8500டி டைனில ரெண்டு ஸ்லாட், ரெண்டு சேனல், 32 ஜிபி யோசிக்காம போடலாம். 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்துல, ரேமோட சேர்த்து வர்ற பழைய மிஷின் இன்னும் லாபமா தெரியுது. பிசிஐஇ லேன், அதாவது மத்த பாகங்கள இணைக்கற பாதை, என்100ல மொத்தமே 9, அதுக்குள்ளதான் எஸ்எஸ்டி, நெட்வொர்க், வைஃபை எல்லாம் பங்கு போட்டுக்கணும். எம்720க்யூ மாதிரி டைனில ரைசர் போட்டு ஒரு கார்டே சொருகலாம்.

நாலஞ்சு விர்ச்சுவல் மிஷின் ஓட்டறது, டேட்டாபேஸ் படிக்கறது, பையன் கோடிங் பழகறதுன்னு வந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு 8500டிதான் சொல்வேன். சாரல்மழைக்கு அது தேவையில்ல, போட்டோவும் கேமராவும் படமும்னா என்100 போதும், ஒத்துக்கறேன். ஆனா இந்த இழைய பின்னாடி படிக்கறவங்க எல்லாருக்கும் அதே பதில் கிடையாதுங்கறதுக்காக எழுதறேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. என்100 விலையிலயே இல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மியா ஜே4125, என்5105 பெட்டி இன்னமும் புதுசுன்னு விக்கறாங்க. வேண்டவே வேண்டாம். வேகத்த விடுங்க, அது ரெண்டுலயும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் (ஒரே நேரத்துல நிறைய கணக்கு போட உதவறது) கிடையாது. மாங்கோடிபிங்கற டேட்டாபேஸ் 5.0ல இருந்து ஏவிஎக்ஸ் இல்லாத சிப்புல ஏறவே ஏறாது, அத நம்பி இருக்கற சாஃப்ட்வேரும் சேர்ந்து நின்னுடும். 2015 வயசு 6500டில ஏவிஎக்ஸ்2 இருக்கு, 2021ல வந்த என்5105ல ஏவிஎக்ஸே இல்ல. புதுசுங்கறதால எல்லாம் இருக்கும்னு நினைச்சு வாங்கி மாட்டிக்கிட்டவங்க நிறைய. என்100ல அந்த குறை தீர்ந்துச்சு.

ஏஎம்டி பக்கமும் ஒரு வரி சொல்லிடறேன், யாரும் சொல்லல. பேரு கடைசில ஜிஇன்னு முடியறது எல்லாம் 35 வாட். ரைசன் 5 ப்ரோ 4650ஜிஇ கிடைச்சா ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், 8500டிய தூக்கி சாப்பிட்டுரும். ஆனா 2400ஜிஇன்னு ஒண்ணு செகண்ட்ஸ்ல மலிவா சுத்துது, அது ஏஎம்டியோட முதல் தலைமுறை ஜென் டிசைன், விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்ல. கடைக்கு அத யாராவது தலையில கட்டப் பாத்தா வாங்காதீங்க.

---

வாட்மீட்டர் எழுதியது:

ரேம்ஸ்லாட் சொன்னது நியாயமான பேச்சு. ஜே4125 விஷயத்த நானும் பலதடவை சொல்லி அலுத்துட்டேன்.

சாரல்மழை தம்பி, வீட்டுப் பெட்டில ரெக்கார்டிங்குக்கு ஹார்டு டிஸ்க் என்ன போடப் போறீங்க? 3.5 இஞ்ச் டிஸ்க் ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்தா அது மட்டும் 5 வாட் பக்கம் இழுக்கும், கேமரா ரெக்கார்டிங்னா அது நிக்கவும் நிக்காது. நாம இவ்வளவு நேரம் பேசின ரெண்டு ப்ராசசர் வித்தியாசத்த விட அது ஜாஸ்தி. ரெண்டு டிஸ்க் போட்டீங்கன்னா 6500டியா என்100ஆங்கற கேள்விக்கே கரண்ட் கணக்குல அர்த்தம் போயிடும். அதோட 12 வோல்ட் யுபிஎஸ்ல ஓட்டப் போறீங்கன்னா டிஸ்க்கு முதல்ல சுத்த ஆரம்பிக்கும்போது சட்டுனு கூட இழுக்கும், அதுக்கும் சேர்த்துதான் ஆம்பியர் பாக்கணும். 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி போட்டா இந்த தொல்லை இல்ல, ஆனா எப்பவும் எழுதிக்கிட்டே இருக்கற வேலைக்கு அது சீக்கிரம் தேயும். என் யோசனை: ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு பண்ற மாதிரி வச்சுக்கிட்டு எஸ்எஸ்டில ஓட்டுங்க. நாலு கேமராவும் 24 மணி நேரமும் கட்டாயம் வேணும்னா சர்வைலன்ஸ் டிஸ்க் ஒண்ணு.

லினக்ஸ் போட்டதும் தம்பிய பவர்டாப்புங்கற டூல போட்டு பாக்க சொல்லுங்க. பேக்கேஜ் சி-ஸ்டேட்னு ஒரு பத்தி வரும், அதுல சிப்பு ஆழமா தூங்குதா இல்ல மேலோட்டமா கண்ண மூடிக்கிட்டு இருக்கான்னு தெரியும். சில நெட்வொர்க் சிப், சில கூடுதல் சாட்டா கன்ட்ரோலர் இருந்தா ப்ராசசர தூங்கவே விடாது. அதே என்100, ஒரு போர்டுல 6 வாட், இன்னொரு போர்டுல 12 வாட் காட்டும். பழைய டைனி ஒழுங்கா தூங்கிட்டு, புது என்100 ஒழுங்கா தூங்காம இருந்தா பழசுதான் கம்மியா இழுக்கும், இத நான் மீட்டர்லயே பாத்திருக்கேன். பயாஸ்ல ஏஎஸ்பிஎம்னு ஒண்ணு (பிசிஐஇ பாதை சும்மா இருக்கும்போது அத தூங்க வைக்கறது) அணைஞ்சு கிடக்கும் பல பெட்டில, அத ஆன் பண்ணாலே சிலது நாலு வாட் இறங்கும்.

வீட்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது, ஆரம்பத்துல கொஞ்சம் யூனிட் இலவசம். ஒரு 8 வாட் பெட்டி ரெண்டு மாசம் நிக்காம ஓடுனா 12 யூனிட்டுக்கும் கீழ. உங்க வீட்டு மொத்தம் 500 யூனிட்ட தொட்டுக்கிட்டு நின்னா மட்டும் பாத்துக்குங்க, அத தாண்டுனா ஸ்லாப் மாறி பில்லு தாவும். மத்தபடி இதுக்காக தூக்கம் கெட வேண்டாம்.

---

சாரல்மழை எழுதியது:

டிஸ்க் விஷயத்த நான் யோசிக்கவே இல்ல, நல்லவேளை சொன்னீங்கண்ணே. நடமாட்டம் இருக்கும்போது மட்டும் போதும், எஸ்எஸ்டியே போடறேன். கடைசியா ஒரே ஒரு கேள்வி. என்100ல ஃபேன் இல்லாத மாடல், ஃபேன் உள்ள மாடல் ரெண்டும் இருக்கு. மாடில ஓட்டு ரூம்லதான் வைக்கணும், மே மாசம் அங்க சூடு தாங்காது. ஃபேன் இல்லாதது தூசி புடிக்காதேன்னு ஆசையா இருக்கு, வாங்கலாமா?

---

பழைய_பெட்டி எழுதியது:

ஓட்டு ரூமுக்கு ஃபேன் உள்ளத வாங்குங்க சார். ஃபேன் இல்லாத பெட்டி தன் சூட்ட சுத்தி இருக்கற காத்துக்குதான் குடுக்கணும், அந்த காத்தே 40 டிகிரில இருந்தா எங்க குடுக்கும். சிப்பு சாகாது, 105 டிகிரி வரைக்கும் தாங்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, ஆனா வேகத்த குறைச்சுக்கிட்டே வரும், அத விட பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற எஸ்எஸ்டிதான் முதல்ல பாதிக்கும். சர்வீசுக்கு வர்றதுல அதுதான் நான் அதிகம் பாக்கறது.

---

வாட்மீட்டர் எழுதியது:

ஃபேன் உள்ளதே வாங்கிட்டு, பயாஸ்ல பிஎல்1னு இருக்கறத (தொடர்ந்து இழுக்கற வாட் லிமிட்) 25ல இருந்து 10 வாட்டுக்கு இறக்கிடுங்க, பிஎல்2வ (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஏறுற லிமிட்) அப்படியே விடுங்க. கேமராவுக்கும் பேக்கப்புக்கும் வித்தியாசமே தெரியாது, படம் மாத்தற வேலையையும் வீடியோ பகுதியே பாத்துக்கறதால அதுவும் தாங்கும். ஃபேன் பாதி நேரம் மெதுவாத்தான் சுத்தும், தூசியும் கம்மியா இழுக்கும். அந்த ஆப்ஷன பூட்டி வச்சிருக்கற பயாஸும் இருக்கு, அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்த மாடல் பேர போட்டு பயாஸ் ஸ்க்ரீன் வீடியோ ஏதாவது இருக்கான்னு தேடிப் பாருங்க. மாடல் லிங்க இங்க போட்டா நானும் பாத்து சொல்றேன்.